ஒளியும் ஒலியும்: உடம்பைக் கேட்டுப் படம் வரைந்த கதை

தமிழில் ஒளிக்கும் ஒலிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தூர்தர்ஷன் காலத்து ஆட்களிடம் இந்த ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சினிமாப் பாட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் ஒலி தனி, ஒளி தனி. நான் இங்கே எழுதப்போவது ஒளியே ஒலியாக மாறுவதைப் பற்றி. அந்த ஒலியை வைத்து, கத்தி வைக்காமல், ஊசி போடாமல், எக்ஸ்ரே கதிர் பாய்ச்சாமல், உயிரோடு இருக்கிற மனிதரின் ரத்தக்குழாய்களை முப்பரிமாணத்தில் சில விநாடிகளில் படம் பிடிப்பதைப் பற்றி. ஆங்கிலத்தில் இதை ஃபோட்டோஅகூஸ்டிக் இமேஜிங் என்கிறார்கள். நான் ஒளியொலிப் படம் என்று எழுதுகிறேன்.

இதன் அடிப்படை விதி 1880லேயே தெரியும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகத்தக்க வேகத்தில் ஒரு கருவி பற்றிய அறிக்கை வந்தது 2024ல். நடுவே 144 வருஷம். அவ்வளவு காலம் என்ன பண்ணிக்கொண்டிருந்தோம்? கொஞ்ச நாளாக பழைய கட்டுரைகளைப் புரட்டியதில் எனக்குக் கிடைத்த பதிலைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கையில் ஒரு டார்ச்

முதலில் பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். இருட்டில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையை அதன்மேல் பொத்திப் பாருங்க. விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக ஒளிரும். அதாவது, சதைக்குள் ஒளி போகிறது, வெளியேயும் வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் எலும்போ, நாம் பேச்சில் "நரம்பு" என்று சொல்கிற ரத்தக்குழாயோ, ஓரம் பிசகாமல் தெரிகிறதா? தெரியாது. ஒரே சிவப்புக் கலங்கல்.

காரணம், சதைக்குள் போன ஒளி ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் பல தடவை முட்டி மோதித் திசையை மறந்துவிடுகிறது. மார்கழிப் பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் மாதிரி. வெளிச்சம் தெரியும், லாரியின் உருவம் தெரியாது. ஒலிக்கு இந்தச் சிக்கல் ரொம்பக் குறைவு. சதைக்குள் ஒலி சிதறுவது ஒளி சிதறுவதைவிட நூறு, ஆயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேலை செய்கிறது.

ஆனால் அல்ட்ராசவுண்டுக்கு நிறம் தெரியாது. எதிரொலி எங்கே பட்டுத் திரும்புகிறது என்றுதான் அதற்குத் தெரியும். மெல்லிய ரத்தக்குழாய் அதன் கண்ணுக்குச் சுற்றியுள்ள சதையோடு கலந்துவிடும். ஒளிக்கோ ரத்தம் சிவப்பு என்று தெரியும். ஆக, ஒளியை உள்ளே அனுப்பி, ஒலியாக வெளியே எடுக்க முடிந்தால்? நிறமும் கிடைக்கும், ஓரமும் கிடைக்கும்.

வாஷிங்டன், 1880

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு 1880ல் வயது முப்பத்து மூன்று. தொலைபேசி ஏற்கெனவே வந்துவிட்டது. அவரும் உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டரும் அடுத்து செய்தது ஃபோட்டோஃபோன்: கம்பி இல்லாமல் ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்புவது. பேசுகிறவரின் குரல் ஒரு மெல்லிய கண்ணாடியை அதிர வைக்கும். அதில் பட்டுப் போகும் சூரிய ஒளி அதற்கேற்ப ஏறி இறங்கும். எதிர்ப்பக்கம் செலினியம் அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக்கித் தொலைபேசியில் ஒலிக்க வைக்கும். வாஷிங்டனில் ஃபிராங்க்ளின் பள்ளியின் மாடியிலிருந்து 213 மீட்டர் தள்ளி இருந்த பெல்லின் ஆய்வகத்துக்கு டெய்ன்டர் பேசினார். கேட்கிறதென்றால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டுங்கள் என்றார். பெல் ஆட்டினார். அந்த வருஷம் பிறந்த இரண்டாவது மகளுக்கு ஃபோட்டோஃபோன் என்றே பெயர் வைக்கலாம் என்று பெல் ஆசைப்பட்டாராம். நல்லவேளை, மனைவி மேபல் ஒப்பவில்லை. குழந்தை மேரியன் ஆனாள்.

நமக்கு வேண்டியது இதன் பக்கவாட்டில் நடந்த சங்கதி. செலினியம், பேட்டரி, தொலைபேசி எதுவுமே இல்லாமலும் ஒளி சத்தம் போடுகிறதா என்று பெல் சோதித்தார். துளைகள் போட்ட ஒரு தட்டைச் சுழற்றி, சூரிய ஒளியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விட்டு விட்டு, கடினமாக்கிய ரப்பர் தகட்டில் விழ வைத்தார். தகட்டின் பின்னால் குழாய் வைத்துக் காதைக் கொடுத்தார். தெளிவாக ஒரு இசைச்சுரம் கேட்டது. தட்டைச் சுழற்றும் வேகத்துக்கு ஏற்ப சுரம் ஏறியது, இறங்கியது. தங்கம், வெள்ளி, இரும்பு, தந்தம், மரம், காகிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாமே பாடின. 1880 ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் பெல் இதை அறிவித்தார்.

ஏன் சத்தம் வருகிறது? வெயில் ஏறும்போது தகரக் கூரை 'டக் டக்' என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீங்க. ஒளியை உறிஞ்சிய பொருள் சூடாகி விரிகிறது, ஒளி நின்றதும் சுருங்குகிறது. ஒரு விநாடியில் ஐந்நூறு தடவை இப்படி நடந்தால் அது ஒரு சுரம்.

கருப்பு நிறம் உரக்கப் பேசும்

வோல்டா பரிசு கிடைத்து பெல் ஐரோப்பா போயிருந்த சமயத்தில் டெய்ன்டர் வாஷிங்டனில் சோதனைகளைத் தொடர்ந்தார். அவர் கண்டது எளிமையானது. பஞ்சு போலத் தளர்வாகவும், நிறத்தில் அடர்த்தியாகவும் இருக்கிற பொருள்களே அதிகம் சத்தம் போடுகின்றன. எல்லாவற்றையும் விட உரக்கப் பேசியது விளக்குக் கரி, அதாவது நம்ம ஊர் சிம்னிப் புகை படிந்த மசி.

1881ல் பெல் இன்னும் ஒரு படி போனார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக விழவிட்டுக் காதால் கேட்டார். சிவப்புக் கம்பளி நூலை வைத்தபோது, அது அதிகம் சத்தம் போட்டது சிவப்பு ஒளியில் இல்லை, பச்சை ஒளியில். சிவப்பு நூல் சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, பச்சையைத்தான் விழுங்குகிறது. விழுங்கினதுதான் பேசும். இந்தக் கருவிக்கு ஸ்பெக்ட்ரோஃபோன் என்று பெயர் வைத்தார்.

ஒளியொலிப் படத்தின் முழு அறிவியலும் என்னைப் பொறுத்தவரை இந்தச் சிவப்பு நூலில் இருக்கிறது. நூலுக்குப் பதில் ரத்தத்தை வைத்துப் பாருங்க. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இறக்கிய ஹீமோகுளோபினும் வெவ்வேறு நிறம். வெவ்வேறு ஒளியை விழுங்கும். சுமார் 800 நானோமீட்டரில் ரெண்டும் சமம். அதற்குக் கொஞ்சம் கீழே, அடர்சிவப்பில், ஆக்சிஜன் இழந்தது அதிகம் விழுங்கும். மேலே போனால் ஆக்சிஜன் ஏற்றியது. ரெண்டு மூன்று நிறத்தில் கேட்டால், ஒரு குழாயில் ஓடுவது எவ்வளவு நல்ல ரத்தம் என்று கணக்குப் போடலாம். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே ஆக்சிமீட்டர், அதுவும் இதே நிற வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது கொடுப்பது ஒரே ஒரு எண். படம் கிடையாது.

1881ல் ஐரோப்பாவிலும் பலர் இதில் இறங்கினார்கள். லண்டனில் ஜான் டின்டல் வாயுக்களைப் பாட வைத்தார். ஜெர்மனியில் கீசன் நகரில் இருந்த ஒரு பேராசிரியரும் அதையே செய்து கட்டுரை எழுதினார். பெயர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன். பதினான்கு வருஷம் கழித்து எக்ஸ்ரே கண்டுபிடித்தவர் இவரேதான்.

ஜனாதிபதியின் முதுகில் ஒரு குண்டு

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எங்கே தங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே இல்லாத காலம். மருத்துவர்கள் கழுவாத விரலையும் கம்பியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள்.

பெல்லும் டெய்ன்டரும் எல்லா வேலையையும் போட்டுவிட்டு இதில் இறங்கினார்கள். உலோகத்துக்கு அருகே கொண்டுபோனால் தொலைபேசிக் குழாயில் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு கருவியைச் சில வாரங்களில் உருவாக்கினார்கள். இன்றைய மெட்டல் டிடெக்டரின் மூதாதை அது. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் முதல் நாளிலும் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் உடம்பின்மேல் அதை நகர்த்திக் கேட்டார்கள். கட்டில் மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் அடித்துச் சொன்னதால் அந்தப் பக்கத்தையே தேடினார்கள். செப்டம்பர் 19ல் கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. குண்டைவிட, துழாவிய விரல்கள் கொண்டுவந்த கிருமிகளே அவரைக் கொன்றன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தேதிகளைப் பாருங்க. அதே வருஷம், அதே ஊர், அதே ரெண்டு பேர். ஒரு மேசையில் ஒளியை விழுங்கிய பொருள் எழுப்பும் ஒலியைக் காதால் கேட்கும் கருவி. இன்னொரு மேசையில் உயிருள்ள உடம்புக்குள் இருப்பதைக் காதால் கேட்கும் கருவி. ரெண்டையும் சேர்க்கவில்லை. அதற்காக பெல்லைக் குறை சொல்ல முடியாது. சேர்க்கத் தேவையான பொருள்கள் அன்று உலகத்திலேயே இல்லை. சூரிய ஒளியை எவ்வளவு நறுக்கினாலும் சதையின் ஆழத்திலிருந்து கேட்கக்கூடிய சத்தம் எழாது.

சிதறிக் கிடந்த துண்டுகள்

தேவையான துண்டுகள் ஒவ்வொன்றாக வேறு வேறு இடங்களில், வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தன. அதே 1880ல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அமுக்கினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். பீசோமின் விளைவு. அல்ட்ராசவுண்டுக்குக் காது கொடுத்தது இதுதான். 1890களின் கடைசியில் மார்சேயில் சார்ல்ஸ் ஃபாப்ரி, ஆல்ஃபிரெட் பெரோ இருவரும் எதிரெதிரே வைத்த ரெண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை அடைத்து, மிக நுண்ணிய இடைவெளி மாற்றத்தையும் அளக்கும் வழி கண்டார்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் வருவார்கள். 1960ல் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார்.

லேசர் வந்ததும் பெல்லின் விளைவுக்கு மறுபிறப்பு. 1970களில் அதைத் திடப்பொருள்களில் திரும்ப எடுத்துவந்தவர் ஆலன் ரோசென்ஸ்வெய்க். அவர் வேலை பார்த்த இடம், பொருத்தமாக, பெல் ஆய்வகம். 1976ல் அவரும் கெர்ஷோவும் எழுதிய கோட்பாடு இன்றும் பாடம். ஆனால் அது மாதிரிப் பொருளைச் சின்ன அறைக்குள் அடைத்து நிறம் பார்க்கும் கலை. உயிருள்ள சதைக்குள் இப்படி ஒலி எழுப்பிப் படம் எடுக்கலாம் என்று 1981ல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் தியோடர் போவன் முன்வைத்தார். கார்ஃபீல்ட் இறந்து சரியாக நூறு வருஷம்.

மின்னல், இடி, பத்தாயிரம் ஆட்கள்

எப்படிப் படம் ஆகிறது? மின்னலையும் இடியையும் வைத்து யோசித்தால் சுலபம். மின்னல் காற்றைச் சட்டென்று சூடாக்குகிறது, காற்று விரிகிறது, இடி. மின்னல் தெரிந்து எத்தனை விநாடி கழித்து இடி கேட்கிறது என்று சின்ன வயதில் எண்ணியிருப்போம். அதை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். எந்தத் திசை என்று சொல்ல முடியாது. பல ஊர்களில் பல பேர் நின்று அவரவர் கேட்ட நேரத்தைக் குறித்து ஒன்றாகச் சேர்த்தால், எங்கே இடித்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துவிடலாம்.

உடம்பிலும் அதேதான். சில நானோவிநாடி மட்டும் நீடிக்கிற லேசர் துடிப்பைத் தோலின்மேல் விடுகிறோம். உள்ளே போய்ச் சிதறிய ஒளியை ரத்தம் விழுங்குகிறது. சூடு ஏறுவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான். சதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு டிகிரியே சுமார் 800 பாஸ்கல் அழுத்தத்தை எழுப்பும். நல்ல அல்ட்ராசவுண்ட் கருவிக்கு அது தாராளம். அந்த ஒலி சதையில் மைக்ரோவிநாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. தோலில் பல இடங்களில் நின்று அதைக் கேட்டால், எங்கெங்கே ரத்தம் இருக்கிறது என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடும்.

1998ல் நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் ஹூலன், டி முல் குழுவினர் சதைக்குள் ரத்தக்குழாய்களின் முப்பரிமாணப் படத்தைக் காட்டினார்கள். 2003ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் லிஹாங் வாங் குழு, எலியின் தோலையும் மண்டையோட்டையும் திறக்காமல் மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடித்தது. எலியின் மீசையைத் தடவினால் மூளையில் எந்த இடத்தில் ரத்த ஓட்டம் மாறுகிறது என்பதும் தெரிந்தது. இந்தத் துறைக்கு உலகம் முழுக்க ஆள் சேர்த்த கட்டுரை அது.

அப்போ 2003லேயே வேலை முடிந்துவிட்டதா? இல்லை. எலிக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அது அசையாது.

இங்கேதான் கணக்கு கடிக்கிறது. பதினைந்து மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து ஒலி மேலே வர எவ்வளவு நேரம்? பத்து மைக்ரோவிநாடி. ஆக, இயற்கை தன் பங்கை ஒரு கண்சிமிட்டலில் பல்லாயிரத்தில் ஒரு பங்கிலேயே முடித்துவிடுகிறது. தாமதம் முழுக்க நம் பக்கம். நுணுக்கமான படம் வேண்டுமென்றால் தோலில் நெருக்கமாகப் பல புள்ளிகளில் கேட்கணும். 100க்கு 100 கட்டம் என்று வைத்துக்கொண்டாலே பத்தாயிரம் புள்ளி. கையில் ஒரே ஒரு காது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு லேசர் துடிப்பு. லேசர் விநாடிக்கு 30 தடவை துடித்தால், 333 விநாடி, ஐந்தரை நிமிஷம். பத்தாயிரம் ஊருக்கும் ஒரே ஆள் ஓடி ஓடி, ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒரு மின்னலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

அந்த ஐந்தரை நிமிஷமும் மனுஷன் அசையாமல் இருக்கணும். மூச்சு விடாமல் இருக்க முடியாது. நாடி துடிக்கும். முடக்குவாதத்தில் வீங்கிய விரலை ஒரே நிலையில் வைத்திருக்கச் சொன்னால் வலிக்கும். தலைமுடி மொத்தமுள்ள குழாயைத் தேடும் படத்தில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எல்லாம் கலங்கிவிடும். இவ்வளவு காலம் இது ஆய்வகத்திலேயே தங்கியதற்கு, என் கணிப்பில், இதுதான் பெரிய காரணம். விதி தெரியும், கருவி இருந்தது. உயிருள்ள உடம்பு சும்மா இருக்கும் நேரத்துக்குள் முடிக்கத் தெரியவில்லை.

மூன்று வழி

முதல் வழி, காதுகளைக் கூட்டுவது. லிஹாங் வாங் பிறகு கால்டெக் போனார். அவர் குழு 2018ல் 512 உணரிகளை வளையமாக அடுக்கி, பெண்களின் மார்பகத்தை 15 விநாடியில், ஒரு மூச்சை அடக்கும் நேரத்துக்குள், 4 சென்டிமீட்டர் ஆழம் வரை படம் பிடித்தது. மூச்சை அடக்கினால் போதும் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்க. 2021ல் 1,024 உணரிகளை நாலு வில்லாக வளைத்துச் சுழற்றி, சுமார் 10 விநாடியில் முழு முப்பரிமாணப் படம்.

ரெண்டாவது வழி, காதுகளைக் கிண்ணமாக வைப்பது. மியூனிக்கில் டேனியல் ரசான்ஸ்கி குழு உணரிகளைக் கோளத்தின் உட்பக்கம் பதித்தது போல அடுக்கி, ஒரே லேசர் துடிப்பில் ஒரு முப்பரிமாணப் படத்தையே எடுத்தது. 2014ல் அவர்கள் நேரம், நிறம் ரெண்டையும் சேர்த்து இதை ஐந்து பரிமாணப் படம் என்றே அழைத்தார்கள். வேகத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் காதுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பார்க்கும் பரப்பு சின்னது.

ரெண்டு வழிக்கும் ஒரு தடை உண்டு. பீசோமின் உணரியைச் சிறிதாக்க ஆக்க அதன் செவிக்கூர்மை குறையும். அதோடு அது ஒளிபுகாதது. லேசரை உள்ளே விடவேண்டிய இடத்திலேயே மறித்துக்கொண்டு உட்காரும்.

மூன்றாவது வழி லண்டனில், யூனிவர்சிட்டி காலேஜில். பால் பியர்ட் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு உழைத்தவர்: ரெண்டு கண்ணாடிப் பூச்சுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஆமாம், ஃபாப்ரியும் பெரோவும்தான். தோலின்மேல் இதை வைத்தால், ரத்தத்தைத் தூண்டும் லேசர் அதன் வழியே தடையில்லாமல் உள்ளே போகும். உள்ளிருந்து வரும் ஒலி படலத்தை மிக மிக லேசாக அமுக்கும். இன்னொரு லேசர் கதிரை அதன்மேல் விட்டு, திரும்பி வரும் ஒளியின் மாற்றத்தைப் பார்த்தால், அந்தப் புள்ளியில் என்ன ஒலி வந்தது என்று தெரியும். காது என்று தனியாக ஒன்றும் பதிக்க வேண்டாம். கதிர் எங்கே விழுகிறதோ அங்கே காது. ஒளியால் எழுப்பிய ஒலியை ஒளியாலேயே கேட்கிறார்கள்.

படங்கள் அற்புதமாக இருந்தன. ஆனால் கதிர் ஒன்றுதான். ஆகவே அதே நிமிஷக் கணக்கு. 2024 செப்டம்பர் கடைசியில் நேச்சர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இதழில் ஹுயின், பியர்ட் உள்ளிட்டோர் வெளியிட்ட கட்டுரை இந்த முடிச்சை மூன்று இடத்தில் அவிழ்த்தது. ஒரு கதிருக்குப் பதில் பல கதிர்கள் ஒரே நேரத்தில் படலத்தை வாசிக்கும். வேகமாகத் துடிக்கும் லேசர்கள். கூடவே, எல்லாப் புள்ளியையும் கேட்காமல் சிலதை விட்டுவிட்டு, விட்டதைக் கணிதத்தால் நிரப்புவது. வாசல் கோலத்தில் ஒரு பகுதி அழிந்தாலும் மிச்சத்தைப் பார்த்து முழுக் கோலத்தையும் போட்டுவிடுவார்களே, அந்த மாதிரி. கோலத்துக்கு ஒழுங்கு உண்டு என்பதால் அது முடிகிறது. ரத்தக்குழாய்ப் படத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒழுங்கு இல்லாத இடத்தில் ஊகம் தப்பலாம் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

விளைவு: சுமார் 15 மில்லிமீட்டர் ஆழம் வரை, சில நூறு மில்லிவிநாடியிலிருந்து சில விநாடிக்குள் முப்பரிமாணப் படம். நுண்தமனி, நுண்சிரை, சிரைக்குள் இருக்கும் வால்வு வரை தனித்தனியாகத் தெரிந்தன. ரத்தம் வந்து நிரம்புவதை அசையும் படமாகவே எடுக்க முடிந்தது.

யாருக்கு இது?

அந்தக் கட்டுரையில் ஆராய்ந்த நோயாளிகளில் கால் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டவர்களும், முடக்குவாதம் உள்ளவர்களும் இருந்தார்கள். சர்க்கரை நோயாளி இல்லாத வீடு நம் பக்கம் அபூர்வம் என்பதால் முதலாவதில் என் கண் நின்றது. என் சித்தப்பா காலில் ஆறாத புண்ணோடு டாப்ளர் ஸ்கேனுக்குப் போனபோது கூடப் போயிருந்தேன். பெரிய குழாயில் ஓட்டம் இருக்கிறது என்று அது சொன்னது. கால் விரல் நுனியின் சின்னக் குழாய்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று அதால் சொல்ல முடியவில்லை. சர்க்கரை அரிப்பதில் பாதி அந்தச் சின்னக் குழாய்களைத்தான். புண் வருவதற்கு முன்னாலேயே அந்த மாற்றத்தைப் பார்க்க முடிந்தால் சில விரல்கள் மிஞ்சலாம். ஆனால் இப்போதைக்கு ஆராய்ந்தது குறைந்த அளவு நோயாளிகளைக் கொண்ட ஆரம்பநிலைச் சோதனைதான். மருத்துவமுறை ஆக இன்னும் பல நூறு பேரிடம் பார்க்கணும்.

இன்னொரு கேள்வி நம் தோலோடு சம்பந்தப்பட்டது. டெய்ன்டரின் கரியை மறந்துவிடாதீங்க: கருப்பு நிறம் உரக்கப் பேசும். தோலின் மெலனினும் அப்படித்தான். தோல் கருக்கக் கருக்க, ஒளியில் பெரும்பங்கை மேலேயே விழுங்கிவிட்டு, அங்கேயே பெரும் சத்தம் போடும். கீழே இருக்கும் குழாய்க்குப் போகும் ஒளியும் குறையும். அதன் மெல்லிய ஒலியும் மேல்சத்தத்தில் அமுங்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: ஆக்சிமீட்டர் நன்றாக இருக்கிறது என்று காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அரை நூற்றாண்டு கருவி அது. ஒளியொலிப் படத்தில் இந்தப் பிழையைக் களைய ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முயினாட்டு பெல் என்பவர் பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல தோல்நிறமுள்ளவர்களின் மணிக்கட்டுத் தமனியைப் படம் பிடித்து, வந்த ஒலியை வேறு விதமாகச் சேர்த்தால் மேல்சத்தத்துக்குள்ளிருந்தும் தமனியைப் பிரித்தெடுக்க முடியும் என்று காட்டினார். இந்தக் கதையில் இன்னொரு பெல்; உறவு ஒன்றும் இல்லை, பெயர்ப் பொருத்தம்தான். இப்படிப்பட்ட வேலை கருவி சந்தைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதுதான் நல்லது. ஆக்சிமீட்டரில் அதைக் கவனத்துக்குக் கொண்டுவர ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது.

எம்.ஆர்.ஐ.க்கும் சி.டி.க்கும் பதிலாக இது வரப்போகிறதா என்றால், இல்லை. சில சென்டிமீட்டருக்குக் கீழே ஒளி போய்ச் சேராது. காற்று நிறைந்த நுரையீரலும் தடித்த எலும்பும் ஒலியை மறிக்கும். தோல், மூட்டு, கால், மார்பகம், கழுத்துத் தமனி மாதிரி மேலாக இருக்கும் இடங்கள்தான் இதன் ஊர். அந்த வரையறைக்குள் இது காட்டுவதை, சாயம் ஏற்றாமல், வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

அடுத்த தடவை "புரட்சிகர ஸ்கேனர்" என்று செய்தி வந்தால் நான் மூன்றே கேள்வி கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். எவ்வளவு ஆழம்? எத்தனை விநாடி? எந்த நிறத் தோலில் பார்த்தார்கள்? முதல் ரெண்டுக்கும் பதில் பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கும். மூன்றாவதற்குப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டியிருக்கும். நீங்களும் தேடிப் பாருங்க.